ஒன்பதாம் எண் பை

2041 பிப்ரவரி 6, புதன்கிழமை.

நேற்றைய குறிப்பில் ஒரு தவறு. தோட்டத்தில் இருபது பைகள் என்று எழுதியிருக்கிறேன். இன்று எண்ணினேன், பத்தொன்பதுதான் இருக்கின்றன. நேற்று எண்ணாமலே, பை நிரப்பிய நாளின் பட்டியலைப் பார்த்து எழுதிவிட்டேன். சுவரில் 20 என்ற எண்ணுக்குக் கீழே பை இல்லை. அந்தப் பை கிழிந்ததால் எடுத்துப் போட்டிருப்பார்கள். திருத்தியாயிற்று. இனி எண்ணிய பிறகே எழுத வேண்டும்.

ரோஸ்லின் கடைசி வரியின் கீழே அடிக்கோல் வைத்துக் கோடு போட்டாள். போட்ட பிறகு, கோடு கொஞ்சம் அதிகமோ என்று தோன்றியது. ஒரு பைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? ஆனாலும் அழிக்கவில்லை.

பகலில் அவளுக்குக் கூரியர் கிடங்கில் வேலை. ஒரு நாளைக்கு மூவாயிரம் பொட்டலங்கள் அவள் கையைத் தாண்டிப் போகும். பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. மேலே ஒட்டிய சீட்டு என்ன சொல்கிறதோ அதுதான் பொட்டலம். இருபத்திரண்டு வயதுக்குள் அவள் உறுதியாகக் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். மற்ற எல்லாவற்றிலும் அவளுக்குத் தன்மேல் சந்தேகம் இருந்தது.

மாலை ஆறு முதல் எட்டு வரை பல்கலைக்கழகத்தில் வகுப்பு. நகர்ப்புறத் தோட்டக்கலைச் சான்றிதழ், ஓராண்டு, கட்டணம் கிடையாது. அவள் வசிக்கும் சாம்பல்மேடு வாரியக் குடியிருப்புக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவே ஒரு சுவர்தான். அதன் தலையில் கண்ணாடிச் சில்லுகள் பதித்திருந்த காலம் அவளுக்கு நினைவிருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன் சுவரை ஓரிடத்தில் உடைத்துக் கதவு வைத்தார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு ஏக்கர் நிலத்தைக் குடியிருப்புக்காரர்கள் பயிரிடத் தருவதாகத் துணைவேந்தர் வந்து சொல்லிவிட்டுப் போனார். அந்த வாக்கு காகிதமாகி, கையெழுத்தாகி, நிலத்தைத் தொடும் முன் ஒரு நிபந்தனை முளைத்தது. முதலில் குடியிருப்பின் மண்ணைப் பார்க்க வேண்டும், அதில் நஞ்சு இருந்தால் காலோடு நிலத்துக்கும் வந்துவிடுமாம்.

அதற்குத்தான் சாட்சிக் கீரை.

ஜனவரியில் பைகளை நிரப்பிய அன்று, திட்டத்தை நடத்தும் டாக்டர் உமையாள் குடியிருப்புப் பெண்களை உட்காரவைத்து விளக்கினார். ஐம்பது வயதுக்காரர். பேசும்போது கையில் இருக்கும் பேனாவைத் திறந்து திறந்து மூடுவார்.

"பார்க்க அரைக்கீரை மாதிரிதான் இருக்கும். எங்க ஆய்வகத்துல இதோட விதையில ஒரு சின்ன மாற்றம் செஞ்சிருக்கோம். மண்ணுல காரீயம் இருந்தா, அஞ்சு வாரத்துல இலை நரம்பு நீலமாயிடும். இல்லைன்னா பச்சையாவே இருக்கும்."

"அப்போ இது கீரை இல்ல, போலீசுன்னு சொல்லுங்க" என்றாள் நான்காம் மாடிக் கன்னியம்மாள். பெண்கள் சிரித்தார்கள். உமையாளும் சிரித்தார்.

ஒவ்வொரு வீடும் தன் பிளாக்கைச் சுற்றியுள்ள மண்ணை அள்ளி வந்து ஒரு பையை நிரப்ப வேண்டும். சாம்பல்மேட்டு மண் கறுப்பு, கிளிஞ்சல் துண்டுகள் கலந்தது. மேலே இரண்டு விரற்கடைக்குத் தென்னை நார்த்தூள் பரப்பிவிட்டால் எல்லாப் பையும் ஒன்றுபோல ஆகிவிடும். மண் நல்லதென்று கீரை சொன்னால் அந்த வீட்டுக்கு மூன்று வருஷத்துக்கு ஒரு பாத்தி சொந்தம். நீலம் வந்தால் கிடையாது. இந்த விதி பல்கலைக்கழகக் குழு போட்டது, தான் போட்டதல்ல என்று உமையாள் இரண்டு முறை சொன்னார்.

"பத்தாவது பை மட்டும் இங்க வளாகத்து மாதிரித் தோட்டத்து மண். சுத்தமான மண்ணுல கீரை எப்படி இருக்கும்னு தெரிஞ்சாத்தானே மத்ததை ஒப்பிட முடியும்?"

"எங்க புடவை அழுக்கா இல்லையான்னு பாக்க, உங்க புடவைய நடுவுல காயப் போடுறீங்க" என்றாள் கன்னியம்மாள்.

உமையாளின் பேனா ஒரு முறை மூடிக்கொண்டது. "அப்படி எடுத்துக்காதீங்கம்மா."

"சும்மா சொன்னேன் மேடம். உங்க தோட்டத்துக் கீரைய எம் பொண்ணு அங்கன்வாடில வாரம் ரெண்டு நாள் துன்னுகினுதான் கீறா. நல்லாத்தான் கீது."

பைகளைக் கதவுக்கு அந்தப் பக்கத் தோட்டத்தில் வரிசையாகச் சுவரோரம் வைத்தார்கள். குழாய்ப் பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு என்று சுவரில் வெள்ளைச் சுண்ணாம்பால் எண் போட்டார்கள். கன்னியம்மாளுக்கு ஒன்பது. வளரும் கீரையை யாரும் தெரியாமல் பறித்துத் தின்றுவிடக் கூடாது என்பதால் பிப்ரவரி ஐந்தாம் தேதி தோட்டத்தைப் பூட்டினார்கள். சாவி உமையாளிடமும் ரோஸ்லினிடமும் மட்டும். தினமும் படம் எடுத்து, குறிப்பு எழுதும் வேலை வகுப்பிலேயே ஒழுங்கான கையெழுத்துக்காரியான ரோஸ்லினுக்குக் கிடைத்தது.

பிப்ரவரி இருபத்தேழாம் தேதி மாலை, சுவரில் 9 என்ற எண்ணுக்குக் கீழே இருந்த கீரையில் நீலம் தெரிந்தது.

ரோஸ்லின் முதலில் வெளிச்சக் குறைவு என்று நினைத்தாள். கைபேசி விளக்கைப் போட்டுப் பார்த்தாள். ஓர் இலையைக் கிள்ளி வெள்ளைத் தாளில் வைத்துப் பார்த்தாள். பேனா மையால் கோடு இழுத்த மாதிரி நரம்புகள் தெளிவாக ஓடின. குழாய்வரை போய்த் திரும்பி வந்து மறுபடியும் பார்த்தாள். பிறகு எழுதினாள்: எண் 9, நீலம். மற்ற பதினெட்டும் பச்சை.

படம் போன அரை மணி நேரத்தில் உமையாள் வந்துவிட்டார்.

"ஒன்பது யாரு?"

"கன்னியம்மாள் அக்கா."

"அவங்க வீட்டுக்காரர் என்ன வேலை?"

ரோஸ்லின் சொல்ல விரும்பவில்லை. சொன்னாள். "பழைய பேட்டரி உடைக்கிற கடையில இருக்காரு."

உமையாள் தலையாட்டினார். விடை ஒத்துவந்த கணக்கைப் பார்ப்பதுபோல இருந்தது அந்தத் தலையாட்டல்.

"மேடம், ஆய்வகத்துல ஒரு தடவை மண்ணைச் சோதிச்சுப் பார்த்துட்டு..."

"அங்க வரிசை ஒரு மாசத்துக்கு நிக்குது, ரோஸ்லின். குழு நாளைக்கே கேட்கும். இலை இவ்வளவு தெளிவா சொல்லும்போது நாம எதுக்குக் காத்திருக்கணும்?"

அன்றிரவே சீட்டுகள் அச்சாகி வீடு வீடாகப் போயின. எல்லாருக்கும் பச்சைச் சீட்டு, 'நல்ல மண்' என்று. கன்னியம்மாளுக்கு மட்டும் வெள்ளைச் சீட்டு, 'மண்ணில் காரீயம்' என்று.

அவள் சண்டைக்கு வருவாள் என்று ரோஸ்லின் எதிர்பார்த்தாள், பதில்கூடத் தயார் செய்து வைத்திருந்தாள். கன்னியம்மாள் வரவேயில்லை. அவள் சீட்டை நம்பிவிட்டாள். புருஷன் தணிகாசலம் வேலைச் சட்டையோடு வீட்டுக்கு வருவதும், அந்தத் துணி அலசிய தண்ணீரைப் பின்பக்கம் ஊற்றுவதும், மூன்று வயதுப் பெண் மித்ரா கொஞ்ச நாளாகச் சோர்ந்து படுப்பதும் அவளுக்கு ஒரே கோட்டில் வந்து நின்றுவிட்டன. அவனை வீட்டுக்குள் விடவில்லை. குழந்தையைத் தொட விடவில்லை. அவன் நான்காம் மாடி வராந்தாவில் படுத்தான். மாடிப்படி ஏறும்போது ரோஸ்லின் அவன் காலைத் தாண்டித்தான் தன் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் அவன் அவளை நிறுத்தினான். "யம்மா, படிச்ச பொண்ணு நீ. கடையிலயே குளிச்சுட்டு வந்தா உள்ள உடுவாளா? கேட்டுச் சொல்லேன்."

அவளுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னாள். வீட்டுக்குப் போய் எழுதினாள்: நான் எழுதியது சரிதான். ஆனாலும் ஏதோ சரியில்லை. இது ஒரு குறிப்பு அல்ல என்று தெரிகிறது.

மார்ச் ஏழு, வியாழக்கிழமை காலை. தண்ணீர் லாரிக்காகக் குடங்கள் வரிசையில் நின்றன. சாம்பல்மேட்டில் ஆள் வரிசையில் நிற்பதில்லை, குடம்தான் நிற்கும். குடத்தை வைத்துவிட்டு ஆள் அடுப்பைப் பார்க்கப் போவாள். முன்னால் இடம் காலியானால் பக்கத்தில் இருப்பவள் எவளானாலும் பின்னால் இருக்கும் குடங்களையெல்லாம் காலால் ஒவ்வொன்றாக முன்னே தள்ளிவிடுவாள். வரிசையில் ஓட்டை விடக் கூடாது. விட்டால் அடுத்த பிளாக்காரி நுழைந்துவிடுவாள். யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை, நடக்கப் பழகும்போதே வந்துவிடும்.

அன்று வரிசை நகர்ந்தபோது ரோஸ் நிறக் குடம் ஒன்று மட்டும் இருந்த இடத்திலேயே நின்றது. அதைச் சுற்றிக்கொண்டு மற்ற குடங்கள் போயின. கன்னியம்மாளின் குடம்.

ரோஸ்லின் போய் அதைத் தூக்கி அதன் இடத்தில் வைத்தாள்.

"தொட்டுட்டியா? போய்க் கைய கழுவு" என்றாள் பிலோமினா. ஏழாம் பிளாக், வாய் ஓயாத பெண். "உன் சீட்டு அப்படித்தானே சொல்லுது? உன் சீட்டப் பத்தி எனக்குத் தெரியாதா இன்னா."

"என்னக்கா சீட்டுக்கு?"

"எனக்குப் பச்சைச் சீட்டு வந்துச்சு. நல்ல மண்ணாம். எம் பையே இல்லடி ரோஸி! கிழிஞ்சு கொட்டிப் போச்சு. இல்லாத பையில இன்னா நல்ல மண்ணு? கவருமென்ட்டு சீட்டு, வர்றத ஏன் வேணாங்கணும்னு வாங்கி வெச்சுக்கினேன்."

"உங்க எண் நாலு."

"நாலுதான்."

"நாலுல பை இருக்கே. நான் தினமும் படம் எடுத்தேனே."

"எம் பை இல்ல அது. பூட்டுறதுக்கு மொத நாளு, தண்ணி ஊத்தும்போது எம் பை வாயப் பொளந்துகிச்சு. அள்ளி வெளிய கொட்டிட்டோம். நடுவுல ஓட்டையா கீதேன்னு பின்னாடி இருந்ததையெல்லாம் ஆளுக்கொரு கை போட்டு நகத்தி வெச்சோம். பூமாரி, நானு, கன்னியம்மா எல்லாந்தான்."

"எந்தப் பக்கமா நகர்த்துனீங்க?" என்றாள் ரோஸ்லின்.

பிலோமினா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னாடி கேள்வி இது? வரிசை எந்தப் பக்கம் நகரும்? கொழாப் பக்கந்தான்."

அன்று கூரியர் கிடங்கில் அவள் பதினான்கு பொட்டலங்களைத் தவறான கூடையில் போட்டாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நோட்டை எடுத்து ஒரு பக்கத்தில் இருபது கட்டங்கள் வரைந்தாள். நான்கு போனது. ஐந்து நான்குக்கு வந்தது, ஆறு ஐந்துக்கு. கன்னியம்மாளின் ஒன்பது எட்டுக்கு. கடைசியில் இருபதாம் இடம் காலி. அவள் அதை இருபதாம் பை கிழிந்தது என்று எழுதினாள். யாரையும் கேட்கவில்லை. இருபதாம் எண்காரர்கள் ஊரைவிட்டே போயிருந்ததால் அவர்களும் கேட்கவில்லை.

ஒன்பதாம் இடத்துக்கு வந்தது பத்தாம் பை.

மூன்று முறை வரைந்து பார்த்தாள். மூன்று முறையும் பத்துதான்.

மாலை அவள் உமையாளிடம் போகும் முன் கன்னியம்மாளின் கதவைத் தட்டினாள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். தான் எண்ணாததை, கேட்காததை, எழுதியதை. கன்னியம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு அவளோடு கிளம்பினாள். வராந்தாவில் காலியாக விரித்திருந்த பாயைத் தாண்டும்போது மட்டும் ஒரு கணம் நின்றாள்.

தோட்டத்தில் உமையாள் இருந்தார். ரோஸ்லின் இருபது கட்டங்கள் வரைந்த பக்கத்தை நீட்டினாள். உமையாள் அதை வெகுநேரம் பார்த்தார்.

"இது யூகம்தானே, ரோஸ்லின்? பைகளை அவங்க நகர்த்தினதுக்கு என்ன ஆதாரம்?"

"பையைக் கொட்டிப் பாக்கலாம் மேடம்" என்றாள் கன்னியம்மாள். "எங்க மண்ணு கறுப்பு."

பதிலுக்குக் காத்திராமல் ஒன்பதாம் எண்ணுக்குக் கீழே இருந்த பையைச் சாய்த்தாள். நார்த்தூள் முதலில் விழுந்தது. அதன் பின்னால் மண் விழுந்தது. செக்கச் செவேலென்ற செம்மண். ஒரு கிளிஞ்சல் இல்லை. பக்கத்தில் எட்டாம் எண்ணில் இருந்ததையும் சாய்த்தாள். கறுப்பு மண்ணும் கிளிஞ்சலும் கொட்டின. அவள் அதைக் கையில் அள்ளி, முகர்ந்து பார்த்துவிட்டு அப்படியே வைத்துக்கொண்டாள். அதில் நின்ற கீரை பச்சையாக இருந்தது.

ரோஸ்லின் செம்மண்ணைக் கிளறினாள். விரலில் ஏதோ கனமாகத் தட்டுப்பட்டது. துடைத்துப் பார்த்தாள். அரை விரல் நீளத்தில் ஓர் உலோகத் துண்டு. அதன் முனையில் இடம் வலம் மாறி ஓர் எழுத்து: 'கு'.

"இது என்ன மேடம்?"

உமையாள் அதை வாங்கவில்லை. பேனா பாதி திறந்தபடி அவர் கையில் இருந்தது.

"அச்செழுத்து" என்றார் கடைசியில். "மாதிரித் தோட்டம் இருக்கிற இடத்துல முன்னாடி பல்கலைக்கழக அச்சகம் இருந்துச்சு. காரீயத்தை உருக்கி எழுத்து வார்ப்பாங்க. எங்க அப்பா படிச்ச பாடப் புத்தகமெல்லாம் அங்க அச்சானதுதான். இடிச்சு அறுபது வருஷம் ஆச்சு. எல்லாருக்கும் தெரியும். யாரும்... அந்த மண்ணைச் சோதிக்கணும்னு யாருக்கும் தோணல."

"எங்க மண்ண சோதிக்கணும்னு தோணுச்சே" என்றாள் கன்னியம்மாள்.

விடுதிப் பக்கமிருந்து பிள்ளைகள் கைப்பந்து ஆடும் சத்தம் கேட்டது.

"நான் மறைக்கணும்னு சொல்லல" என்றார் உமையாள். குரல் இறங்கியிருந்தது. "ஒரு வாரம் கொடுங்க. முறைப்படி மண்ணைச் சோதிச்சு, கையில அறிக்கையோட போறேன். இப்பவே எழுதினா, முதல்ல என்ன செய்வாங்க தெரியுமா? எல்லாத்தையும் மூடுவாங்க. இந்தக் கதவையும்தான். பதினெட்டுப் பாத்தியும் போயிடும். இந்த ஒரு ஏக்கருக்காக நான் ஆறு வருஷம் அலைஞ்சிருக்கேன்."

அதில் பொய் இல்லை என்று ரோஸ்லினுக்குத் தெரிந்தது. பதினெட்டு வீடுகளின் பெயர்களும் அவள் மனதில் வரிசையாக வந்தன. பிலோமினாவின் இல்லாத பைகூட வந்தது. ஒரு வாரம்தானே. தான் ஏற்கெனவே ஒரு முறை அவசரப்பட்டவள்தானே. மறுபடியும் தப்பாக இருந்தால்?

"மேடம்" என்றாள் கன்னியம்மாள். கோபமாகச் சொல்லவில்லை. "எம் பேரு வந்தப்போ ஒரு வாரம் கேக்கலியே நீங்க. அரை மணியில வந்தீங்க. ராவுக்குள்ள சீட்டு வந்துச்சு. எட்டு நாளா எம் புருசன வாசல்ல போட்டு வெச்சிருக்கேன். புள்ளைய அவரு தூரத்துலேர்ந்து பாத்துகினு கீறாரு. நான் இன்னா வாரம் கேட்டேன் உங்கள?"

உமையாள் பேனாவை மூடினார்.

அப்போதுதான் ரோஸ்லினுக்கு அது உறைத்தது. ஜனவரியில் பை நிரப்பிய அன்று கன்னியம்மாள் சிரித்துக்கொண்டு சொன்னது.

"மேடம், அங்கன்வாடிக்குக் கீரை எங்கிருந்து போகுது?"

கேள்வி முடிவதற்குள் உமையாளின் முகம் மாறிவிட்டது. செவ்வாயும் வெள்ளியும் ஒரு கூடைக் கீரை. பல்கலைக்கழகத்தின் அன்பளிப்பு. கூடை கொடுக்கும் படம் ஆண்டறிக்கையின் அட்டையிலேயே இருந்தது. அந்தப் படத்தில் உமையாள் ஒரு குழந்தையைத் தூக்கி வைத்திருந்தார்.

"அது சாதாரணக் கீரை" என்றார், தனக்கே சொல்வதுபோல. "அது நீலமாகாது."

கன்னியம்மாள் கையிலிருந்த கறுப்பு மண்ணைக் கீழே விட்டாள். உமையாளைப் பார்க்கவில்லை, ரோஸ்லினைப் பார்த்தாள். "எம் பொண்ணு ஜூன் மாசத்துலேர்ந்து போறா, ரோஸி."

உமையாள் கைபேசியை எடுத்தார். முதலில் அதே கீரையைச் சமைக்கும் விடுதிச் சமையற்கட்டுக்கு, பிறகு அங்கன்வாடிப் பொறுப்பாளருக்கு. நாளைக்குக் கூடை வராது, மீந்திருப்பதையும் யாரும் தொட வேண்டாம். அப்புறம் மருத்துவக் கல்லூரியில் யாரையோ பிடித்து, குழந்தைகளுக்கு இரத்தப் பரிசோதனை எத்தனை பேருக்குச் செய்ய முடியும் என்று கேட்டார். மொத்தம் எத்தனை குழந்தைகள் என்று மறுமுனையில் கேட்டார்கள் போலிருக்கிறது. அவர் கைபேசியை மார்பில் பொத்திக்கொண்டு ரோஸ்லினைப் பார்த்தார்.

"நாற்பதுன்னு சொல்லட்டுமா?"

"தெரியல மேடம்" என்றாள் ரோஸ்லின். "எண்ணிட்டுச் சொல்றேன்."

துணைவேந்தருக்கான அறிக்கையை உமையாள் அங்கேயே, கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல் உட்கார்ந்து எழுதினார். கதவைப் பற்றி ஒரு வரி சேர்த்தார்: இக்கதவை மூடக் கூடாது என்பது என் கருத்து. கீழே கையெழுத்திட்டு, அதற்கும் கீழே ரோஸ்லினின் பெயரை எழுதி, அவளிடம் நீட்டினார். ரோஸ்லின் முழுவதையும் படித்துவிட்டு, 'கிழிந்தது நான்காம் பை. இருபது என்று தவறாகக் குறித்தது நான்' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அவர்கள் வீடு திரும்பும்போது தணிகாசலம் பாயில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தான். கன்னியம்மாள் அவன் முன்னால் நின்றாள்.

"உள்ள வா."

"குளிச்சுட்டேன்" என்றான் அவன் அவசரமாக. "கடையிலயே குளிச்சுட்டுத்தான்..."

"தெரியும். வா. புள்ளைய நீ தூக்கு. காலைல ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

அவன் வடையைத் தாளோடு கீழே வைத்துவிட்டு எழுந்தான்.

2041 மார்ச் 7, வியாழக்கிழமை.

பிப்ரவரி 6ஆம் தேதிக் குறிப்பு தவறு. பிப்ரவரி 27ஆம் தேதிக் குறிப்பும் தவறு. இரண்டையும் அடிக்கவில்லை, பக்கத்தில் திருத்தம் எழுதியிருக்கிறேன்.

நாளை காலை எட்டு மணிக்குக் கிடங்குக்கு விடுப்பு சொல்ல வேண்டும். அங்கன்வாடிக்குப் போய், ஜூன் முதல் கீரை சாப்பிட்ட குழந்தைகளின் பெயர்களை எழுத வேண்டும். வருகைப் பதிவேட்டைப் பார்த்து எழுதக் கூடாது. ஒவ்வொரு வீடாகப் போய், குழந்தையைப் பார்த்து, எண்ணி எழுத வேண்டும்.